பொடி விழுந்த கண்ணும் பூ விழுந்த கண்ணும்

கண்ணில் தூசி விழுந்தால் நம் ஊரில் வைத்தியருக்குப் பஞ்சமே கிடையாது. பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர்தான் வைத்தியர். "கசக்காதே, கசக்காதே, இப்படிக் காட்டு" என்று இமையைப் பிரித்து 'ஃபூ' என்று ஊதுவார். அதில் போகவில்லை என்றால் வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ திரியாகத் திரிக்கப்படும். அதற்கும் மசியவில்லை என்றால் விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று வரிசையாக வரும். நாக்கு நுனியால் கண்ணைத் தடவித் தூசி எடுக்கும் பாட்டிகள் கூடச் சில கிராமங்களில் உண்டு. இவ்வளவுக்கும் பிறகு பெரும்பாலான கண்கள் பிழைத்துக்கொள்கின்றன என்பதுதான் ஆச்சரியம். காரணம் வைத்தியம் அல்ல, கண்ணீர். இமையைப் பத்துத் தடவை அடித்தால் கண்ணீரே தூசியைக் கழுவி மூக்கோரமாகத் தள்ளிவிடும். பேர் மட்டும் ஊதியவருக்குப் போய்ச் சேரும்!

சிக்கல், கண்ணீருக்கு வராத பொடியில்தான் ஆரம்பிக்கிறது.

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். சந்துக்குச் சந்து லேத் பட்டறை. பம்ப்செட் பாகம் கடைகிறவர்கள், வெல்டிங் அடிக்கிறவர்கள், வார்ப்படத்தின் பிசிறைக் கிரைண்டரில் தேய்க்கிறவர்கள். நாலு பேர், ஆறு பேர் வேலை செய்யும் இடங்கள் ஏராளம். அங்கே யாரும் 'தூசி' என்று சொல்வதில்லை. "கண்ணுல பொடி விழுந்திருச்சு" என்பார்கள். விழுவது இரும்பு. அதுவும் சும்மா வந்து விழுவதில்லை. கிரைண்டர் சக்கரத்திலிருந்து சூடாகத் தெறித்து, கருவிழியில் குத்தி உட்கார்ந்துகொள்ளும். அதை ஊதியும் எடுக்க முடியாது, அழுதும் எடுக்க முடியாது.

இதற்காகவே பல பட்டறைகளில் ஒரு நிபுணர் இருப்பார். பொடி எடுப்பதில் கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். அவருடைய கருவிகள்: தீக்குச்சியின் பின்பக்கம், கூராக மடித்த காகிதம், சில சமயம் ஊக்கு. வெளிச்சத்துக்கு நேராக ஆளை உட்கார வைத்து, ஒரு கையால் இமையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நோண்டி எடுத்துவிடுவார். கிரீஸ் படிந்த கை. பத்து வருட அனுபவம். காசும் வாங்க மாட்டார். ஐந்து நிமிடத்தில் ஆள் திரும்ப மெஷினுக்குப் போய்விடலாம்.

டாக்டரிடம் போனால் என்ன ஆகும்? ஓனரிடம் சொல்ல வேண்டும். வண்டி எடுத்துப் போக வேண்டும். டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். ஃபீஸ், மருந்து. எல்லாவற்றுக்கும் மேல் அரை நாள் கூலி போகும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் என்றால் அன்றைய கணக்கே போச்சு. வரவு செலவு எழுதிப் பார்த்தால் தீக்குச்சிக்காரரிடம் போவது முட்டாள்தனமாகத் தெரியவில்லை. செலவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. கண்.

அந்த விட்டுப்போன வரியைத் திரும்ப எழுதுகிற வேலையைத்தான் தெருமுனை டாக்டர்கள் செய்கிறார்கள். கண் ஸ்பெஷலிஸ்ட் அல்ல. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எழுதும் சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர். பட்டறைகளுக்கு நடுவே கிளினிக் வைத்திருக்கும் அப்படி ஒரு டாக்டரின் அறையில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும், இந்த வேலையின் நெளிவு சுளிவுகள் எல்லாம் பிடிபட்டுவிடும்.

அதற்கு முன்னால் கருவிழியைப் பற்றிக் கொஞ்சம். கண்ணின் முன்னால் கடிகாரக் கண்ணாடி மாதிரி வளைந்து நிற்கும் தெளிவான பகுதி அது. நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, இருந்தால் தெளிவு போய்விடும். ஆனால் நரம்பு மட்டும் ஏகத்துக்கும் உண்டு. அதனால்தான் கடுகில் கால்வாசி பொடிக்கும் அந்தப் பாடு படுத்துகிறது. மேலே இருக்கும் தோல் போன்ற அடுக்கு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதுவரைக்கும் கீறல் விழுந்தால் இரண்டு மூன்று நாளில் தடமே இல்லாமல் ஆறிவிடும். அதற்குக் கீழே போய்விட்டால் ஆறும், ஆனால் தழும்போடு ஆறும். கருவிழியில் தழும்பு என்றால் வெள்ளை. அதைத்தான் நம் ஆட்கள் 'கண்ணில் பூ விழுந்திருச்சு' என்கிறார்கள். பொடி விழுந்த கண்ணில் பூ விழாமல் பார்த்துக்கொள்வது என்பது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள் முடிக்க வேண்டிய வேலை. தீக்குச்சிக்கு அந்த அளவு தெரியாது.

இனி கிளினிக்குக்கு வருவோம்.

வந்தவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தான். டாக்டர் உடனே கண்ணைப் பார்க்கவில்லை. முதலில் கேள்வி.

"என்ன வேலை பண்ணிட்டு இருந்தே தம்பி?"

"கிரைண்டிங்குங்க சார்."

"எப்போ?"

"நேத்துச் சாயங்காலமுங்க."

"யாராவது நோண்டுனாங்களா?"

பதில் இல்லை. நோண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து சுவரில் இருக்கும் எழுத்து அட்டை. அதை ஆறு மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டும். கிளினிக்கே அவ்வளவு நீளம் கிடையாது. அதனால் எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, அட்டையைக் கண்ணாடிக்குள் படிக்க வைக்கிறார். மூன்று மீட்டர் ஆறு மீட்டர் ஆகிவிடுகிறது. நல்ல கண் ஒன்று, அடிபட்ட கண் ஒன்று எனத் தனித்தனியாகப் படிக்கச் சொல்லி நோட்டில் எழுதிக்கொள்கிறார். வலியில் துடிப்பவனை எழுத்துப் படிக்கச் சொல்வது கொடுமை போலத் தெரியும். ஆனால் கண்ணைத் தொடுவதற்கு முன் பார்வை எவ்வளவு இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், பிறகு குறைந்தால் அது பொடியால் குறைந்ததா டாக்டரால் குறைந்ததா என்று யாருக்கும் தெரியாது. (கணக்குப் புத்தகத்தில் ஆரம்ப இருப்பு எழுதாமல் வியாபாரம் தொடங்குவது போல!)

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சுண்ணாம்பு, ஆசிட், சிமெண்ட் மாதிரி எரிக்கிற பொருள் விழுந்திருந்தால் அட்டையும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். முதலில் தண்ணீர். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அமுக்கி விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் தெறிப்பது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. அப்போது வீட்டுக் குழாய்த் தண்ணீரிலேயே அரை மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயும் கழுவ வேண்டும். இமைக்கு அடியில் ஒரு துணுக்குச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தாலும் அது எரித்துக்கொண்டே இருக்கும். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய்க் கழுவலாம் என்று நினைத்தால் வழியிலேயே கண் வெந்துவிடும்.

பையனுக்கு மரத்துப்போகும் சொட்டு மருந்து ஒரு சொட்டு விட்டார். அரை நிமிடத்தில் அவன் முகமே மாறிவிட்டது. நேற்றிலிருந்து முதல் தடவையாகக் கண்ணை முழுசாகத் திறந்தான். அடுத்து ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த சின்னக் காகிதத்தைக் கீழ் இமையில் தொட்டு எடுத்தார். ஃப்ளோரெசின். நீல விளக்கில் பார்த்தால் கீறல் விழுந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். இந்தப் பையன் கண்ணில் கறுப்புப் புள்ளி ஒன்று. அதைச் சுற்றிப் பழுப்பு வளையம். அதற்கும் வெளியே கன்னாபின்னாவென்று பச்சைக் கோடுகள். புள்ளி கிரைண்டர் செய்தது. கோடுகள் தீக்குச்சி செய்தவை.

பழுப்பு வளையம் என்பது துரு. ஆமாம், கண்ணுக்குள் துருப்பிடிக்கும்! கண்ணீர் உப்புத் தண்ணீர்தானே. இரும்பு விழுந்த சில மணி நேரத்திலேயே துரு இறங்க ஆரம்பித்துவிடும், ஒரு நாள் ஆனால் நன்றாகத் தெரியும். தீக்குச்சிக்காரர் பொடியை எடுத்துவிட்டாலும் துருவை எடுக்க மாட்டார். அவருக்கு அது தெரியவே தெரியாது. துரு இருக்கிற வரைக்கும் கண் சிவந்துகொண்டும் உறுத்திக்கொண்டும்தான் இருக்கும்.

இந்த இடத்தில் டாக்டர் செய்த ஒரு காரியம் கவனிக்க வேண்டியது. பொடி கண்ணெதிரே தெரிகிறது, எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் எடுக்கவில்லை. "கீழே பாரு தம்பி" என்று சொல்லி, மேல் இமை முடியைப் பிடித்து, இமையின் மேல்பக்கம் ஒரு பஞ்சுக் குச்சியை வைத்து, இமையைச் சட்டென்று திருப்பிப் போட்டார். உள்பக்கம் வெளியே வந்தது. இமை விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே ஒரு சின்னப் பள்ளம் ஓடுகிறது. பொடி ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே ஒன்று ஒட்டியிருந்தால் இமைக்கும் ஒவ்வொரு தடவையும் கருவிழியைக் கீறிக்கொண்டே இருக்கும். கருவிழியின் மேல்பாதியில் நேர் நேராகச் செங்குத்துக் கோடுகள் தெரிந்தால் திருடன் இமைக்கு அடியில் இருக்கிறான் என்று அர்த்தம். ஒரு பொடி கிடைத்துவிட்டது என்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகாது. பையனின் இமைக்கு அடியில் நிஜமாகவே இன்னொன்று இருந்தது. ஈரப் பஞ்சில் ஒரே தடவலில் வந்துவிட்டது.

கருவிழியில் குத்தியிருந்தது பஞ்சுக்கு வரவில்லை. ஊசி போடும் சிரிஞ்சில் இருக்கும் மெல்லிய ஊசி நுனியால் எடுத்தார். கையைப் பையனின் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு, ஊசியைக் கண்ணுக்கு நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் படுக்கவைத்து, பொடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினார். பையன் தலையை ஆட்டினாலும் ஊசி உள்ளே போகாது, வழுக்கிக்கொண்டு போகும். துருவில் கொஞ்சம் வந்தது, கொஞ்சம் நின்றுவிட்டது. அதை அவர் துரத்தவில்லை. ஒன்றிரண்டு நாளில் அந்த இடம் இளகும், அப்போது எளிதாக வரும், இல்லாவிட்டால் கண் டாக்டர் சின்னக் கருவியால் சுரண்டி எடுப்பார். இன்றே முழுசாக எடுத்தே தீருவேன் என்று தோண்டினால் துரு போய்த் தழும்பு வரும். அந்தப் புள்ளி பாப்பாவுக்கு நேர் எதிரே இருந்திருந்தால் ஊசியையே எடுத்திருக்க மாட்டாராம். அங்கே விழும் தழும்பு பார்வைக்குக் குறுக்கே நிற்கும். நேராகக் கண் ஆஸ்பத்திரிதான்.

பையனுக்குச் சந்தோஷம். கிளம்பும்போது கேட்டான்: "சார், அந்த மரத்துப்போற மருந்தையே எழுதிக் குடுத்துருங்க. ஜம்முனு இருக்கு."

"அது மட்டும் கிடையாது கண்ணு. வலி தெரியலைன்னா நீ கசக்குவே, வேலைக்குப் போவே. உனக்கே தெரியாம கண்ணு கரைஞ்சு போயிரும்."

மிகைப்படுத்திப் பயமுறுத்துகிறார் என்று தோன்றும். இல்லை. அந்தச் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியின் மேல் அடுக்கு ஆறவே ஆறாது. நாளாக ஆகக் கருவிழியே அழிந்து ஓட்டை விழுந்த கதைகள் மருத்துவ ஏடுகளில் எத்தனையோ இருக்கின்றன. வெல்டிங் வேலைக்காரர்கள் அதில் அடிக்கடி வருகிறார்கள். பகலில் வெல்டிங் வெளிச்சம் பட்டால் ஆறேழு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல எரியும். பொடி ஒன்றுமே இருக்காது. தானாகவே ஓரிரு நாளில் சரியாகிவிடும். அந்த ஓர் இரவைத் தாண்ட முடியாமல் யாரோ சொன்ன மரத்துப்போகும் மருந்தை வாங்கி வைத்துக்கொள்வதில்தான் வினை ஆரம்பிக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலே கிடைக்கும் இன்னொரு பூதம் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. விட்ட அன்றைக்கே சிவப்பு குறையும், ஆஹா என்று இருக்கும். கீறலில் பூஞ்சை இருந்துவிட்டால் அதற்கு இதைவிட நல்ல தீனி வேறு கிடையாது.

பூஞ்சை என்றதும் பட்டறையை விட்டு வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது. இரும்புப் பொடி சூடாக வருகிறது, கிருமி அதில் குறைவு. நெல் உமி, கரும்புத் தோகை, சோளத்தட்டை அப்படி அல்ல. மண்ணையும் பூஞ்சையையும் கூட்டிக்கொண்டு வரும். 1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து 1997-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 284 பேருக்கு அதற்கு முன் கண்ணில் ஏதாவது அடி பட்டிருந்தது. கிருமி கண்டுபிடிக்க முடிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சை. குளிர் நாடுகளில் படிக்கும் பாடப் புத்தகத்தில் இப்படி இருக்காது. நம் மண்ணின் கதை இது.

ஆனால் இதற்குப் பக்கத்து நாட்டில் ஒரு பதிலும் கிடைத்திருக்கிறது. நேபாளத்தில் பக்தபூர் என்ற மாவட்டம். அங்கே கிராமங்களில் இருந்த சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்கு நீல விளக்கும் சாயக் காகிதமும் கொடுத்தார்கள். கண்ணில் அடிபட்டவர் வந்தால் பச்சையாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் குளோரம்ஃபெனிகால் களிம்பு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள். அவ்வளவுதான் திட்டம். 2001-ல் முடிவு வெளியானது. அப்படிக் களிம்பு போட்டவர்கள் 442 பேர். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 மணியில் இருந்து 24 மணிக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு வந்தது. ஒரு நாள் தாண்டி, இரண்டு நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது.

அந்த மூன்று எண்களையும் இன்னொரு தடவை படியுங்கள். பூஜ்யம், 4, 14. மருந்து அதே மருந்து. விலை அதே விலை. மாறியது கடிகாரம் மட்டும். மதுரைப் பக்கக் கிராமங்களிலும் இதே மாதிரி செய்து பார்த்து 2006-ல் எழுதினார்கள். பூஞ்சைக்கென்று தனி மருந்து சேர்த்துக் கொடுத்தவர்கள், சேர்க்காமல் கொடுத்தவர்கள், இரண்டு பக்கமும் புண் வரவில்லை. சீக்கிரம் வந்து களிம்பு போட்டதுதான் காப்பாற்றியது. அரை நாள் கூலியை மிச்சம் பிடித்தவர் உண்மையில் எதைச் செலவு செய்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா?

சரி, மறுபடியும் அந்த மாலை நேரம். பையன் போன பிறகு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். வலி இல்லை, கண்ணீர் இல்லை, கண்ணைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. ஓரத்தில் லேசான சிவப்பு மட்டும்.

"ஏனுங்க டாக்டர், சும்மா ஒரு டிராப்ஸ் எழுதிக் குடுங்க. மத்தியானம் உளி அடிக்கறப்போ ஏதோ சுருக்குனு பட்டுச்சு. இப்ப ஒண்ணுமில்லீங்க."

சுத்தியல், உளி என்று கேட்டதும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. பையனிடம் நிதானமாக இருந்தவர் இவரிடம் பரபரப்பானார். கிரைண்டர் பொடி சின்னது, பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். இரும்பை இரும்பால் அடிக்கும்போது தெறிக்கிற சில்லு துப்பாக்கிக் குண்டு மாதிரி. கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும். அது போகிற வேகத்தில் துளையே சரியாகத் தெரியாது, வலியும் பெரிதாக இருக்காது. அட்டையில் இவர் கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்துவிட்டார். ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை விழியில் ஒரு சின்ன ரத்தப் பொட்டு. பாப்பா வட்டமாக இல்லை, ஒரு பக்கமாக இழுபட்டு நீர்த்துளி போல இருந்தது.

டாக்டர் இமையைத் திருப்பவில்லை. ஊசி எடுக்கவில்லை. எந்த மருந்தும் விடவில்லை. காகித டீ கப் ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணை அமுக்காதபடி எலும்பின் மேல் உட்காரவைத்து பிளாஸ்திரி ஒட்டினார். துளை விழுந்த கண்ணை அமுக்கினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"இப்பவே கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். கூட ஆளக் கூட்டிட்டுப் போங்க. வழியில டீ கூடக் குடிக்காதீங்க."

"டீ எதுக்குங்க?"

"ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும். வயிறு காலியா இருக்கணும்."

"ஏனுங்க, எனக்கு வலியே இல்லீங்களே!"

"அதுதாங்கண்ணா பயமே."

கடிதத்தில் 'எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டு எழுதினார். கண்ணுக்குள் இரும்பு இருந்தால் அந்த மெஷினின் காந்தம் அதை இழுத்து உள்ளேயே உழுதுவிடும். எக்ஸ்ரே அல்லது சி.டி. போதும். எக்ஸ்ரேயில் எள்ளில் பாதி அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிந்ததாக இரவு போன் வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். அவர் கேட்டபடி டிராப்ஸ் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால்? ஓட்டை வழியாகக் கிருமி போய்ச் சில நாளிலேயே கண் போயிருக்கலாம். அதில் தப்பினாலும், உள்ளே தங்கிய இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மாதக் கணக்கில், வருடக் கணக்கில் விழித்திரையை அழித்திருக்கும்.

ஒரே மாலை, இரண்டு கண். வலியில் துடித்த பையனுக்கு ஆபத்து குறைவு. வலியே இல்லாதவருக்கு ஆபத்து அதிகம். பையனிடம் டாக்டரின் கைத்திறமை தெரிந்தது. ஆனால் பெரியவரிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாரே, அதுதான் படித்த படிப்பு. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி முடி கண்ணில் பட்டு வருபவர்களையும் இப்படித்தான் தொடாமல் அனுப்பிவிடுவாராம். அந்த முடி நாளாவட்டத்தில் உள்ளே உள்ளே நகர்ந்து போகக்கூடியது. ஸ்லிட் லேம்ப் இல்லாமல் அதைத் தேடுவது வீண் வேலை.

இதெல்லாம் கண்ணாடி போட்டால் வராதே என்று கேட்கலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 35-ஆம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. துகள் தெறிக்கிற வேலை என்றால் தடுப்போ கண்ணாடியோ கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. நாலு பேர் வேலை செய்யும் சந்துப் பட்டறை அந்தச் சட்டத்தின் கணக்கில் பெரும்பாலும் தொழிற்சாலையாகவே இருக்கவில்லை! கண்ணாடி இருக்கிற இடத்திலும் ஆணியில்தான் தொங்கும். வேர்வையில் ஆவி படிந்துவிடும், கீறல் விழுந்து மங்கியிருக்கும், மூன்று பேருக்கு ஒன்றுதான் இருக்கும். அளவு பார்த்துக் கடைகிற வேலையில் மங்கலான கண்ணாடியைப் போட்டால் பீஸ் ரிஜெக்ட் ஆகும். திட்டு விழுவது அதற்கு. கண்ணாடி போடாததற்கு யாரும் திட்டுவதில்லை. பி.காம். மாணவர்கள் தொழிற்சட்டத் தாளுக்காக 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையை உருப்போட்டிருப்பார்கள். ஒரு கண் போனால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீத இழப்பு. கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. நல்ல கண்ணாடி ஒன்றின் விலையையும் இந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை.

அந்த டாக்டர் சட்டம் பேசுவதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம், மறுநாள் ஆளை வரவழைப்பது. பொடி எடுத்ததோடு வேலை முடியவில்லை. 24 மணி நேரம் கழித்து மறுபடி சாயம் போட்டுப் பார்த்து, பச்சை சுருங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சுருங்காமல் அந்த இடம் வெள்ளையாக மாறியிருந்தால் அன்றே கண் ஆஸ்பத்திரி. பழைய காலத்து வழக்கப்படி கண்ணைக் கட்டி அனுப்புவதும் இல்லை. கட்டுப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்பது ஆய்வுகளில் எடுபடவில்லை. களிம்பு, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்ற கேள்வி, 'நாளைக்கு வா' என்ற கண்டிப்பு. ஆனால் வலி போன ஆள் மறுநாள் எங்கே வருவான்? மறுபடி அரை நாள் கூலி, மறுபடி ஃபீஸ்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி சுலபமானது. முதல் நாள் ஃபீஸ் வாங்கும்போதே சீட்டின் பின்னால் 'நாளை இலவசம், காலை 8 மணி, டோக்கன் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். பட்டறை திறப்பதற்கு முன்னால் பார்த்து அனுப்பிவிடுவார். இரண்டு நிமிட வேலை. மறுநாள் காலை எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே அந்தப் பையன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். கூடவே இன்னொருவர். நடுத்தர வயது, கிரீஸ் படிந்த கை, இடது கண் சிவந்திருந்தது. தீக்குச்சிக்காரர்.

"நம்ம பட்டறை அண்ணனுங்க சார். இவருக்கும் நேத்து ராத்திரி பொடி விழுந்திருச்சு. எடுக்கறதுக்கு ஆளில்லை."